கட்டிளமைப் பருவத்தினரின் மனவெழுச்சி முதிர்ச்சியில் பாடசாலைச் சூழலின் பங்கு

(தர்மகர்த்தா சபை உறுப்பினர், இளைப்பாறிய அரசாங்க இலிகிதர்)

பரீட்சைக் காலம் நெருங்கும்போது எமது ஆலயத்தில் அர்ச்சனைகள் அதிகரிப்பது வழக்கம். அனுமதி அட்டையையும் பேனையையும் அர்ச்சனைத் தட்டத்தில் வைத்து, தம் பிள்ளைக்கு நல்ல பெறுபேறு கிடைக்க வேண்டும் என்று தாய்மார் கண்ணீர் மல்க வேண்டி நிற்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். அது தவறன்று. ஆயினும், என் பிள்ளை கோபத்தை அடக்கத் தெரிந்தவனாக வளர வேண்டும், ஒரு தோல்வி வந்தால் நொறுங்கிப் போகாதவளாக வளர வேண்டும் என்று வேண்டி அர்ச்சனைச் சீட்டு எடுப்போரைக் காண்பது அரிதாக உள்ளது. பெறுபேற்றுத் தாள் ஒருசில வருடங்களுக்கே பயன்படும். மனப்பக்குவமோ ஆயுள் முழுவதற்கும் தேவையானது. எனவே இவ்வாண்டு மலரில் இவ்விடயம் பற்றிச் சில கருத்துகளை அடியார்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கட்டிளமைப் பருவம்

குழந்தைப் பருவத்திற்கும் முதிர்ந்தோர் பருவத்திற்கும் இடைப்பட்ட காலமே கட்டிளமைப் பருவமாகும். உலக சுகாதார நிறுவனம் 10 வயது முதல் 19 வயது வரையான காலத்தை இப்பருவமாகக் கொள்கின்றது. 1904 ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலாளரான ஸ்ரான்லி ஹோல் இப்பருவத்தைப் புயலும் நெருக்கடியும் நிறைந்த பருவம் என வர்ணித்தார். பின்னாளில் எரிக் எரிக்சன் என்னும் உளவியலாளர், "நான் யார்?" என்ற வினாவிற்கு விடை தேடும் பருவம் இதுவே என விளக்கினார். அதுவரை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து நடந்த பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்வதும், ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசுவதும், நண்பனின் சொல்லை வேதவாக்காகக் கொள்வதும் இப்பருவத்தின் இயல்புகளாகும்.

இதற்கு உடலியற் காரணமும் உண்டு. உணர்ச்சிகளைத் தூண்டும் மூளைப் பகுதிகள் இவ்வயதில் மிகுந்த வேகத்துடன் தொழிற்படுகின்றன. ஆனால் பின்விளைவை எண்ணிப் பார்த்து, "பொறு, அவசரப்படாதே" என்று தடுத்து நிறுத்தும் முன்நெற்றிப் பகுதி முழு வளர்ச்சியடைய இருபத்தைந்து வயதளவு ஆகின்றது என்பது ஆய்வாளர்களின் முடிவாகும். வண்டியின் வேகம் கூடிவிட்டது, தடுப்பு இன்னும் முழுமையாகப் பொருத்தப்படவில்லை என்று இதனைச் சொல்லலாம். ஆகவே இவ்வயதுப் பிள்ளையின் ஆத்திரத்தையும் அழுகையையும் கண்டு, "இது உருப்படாது" என்று தீர்ப்பு வழங்குவது பொருத்தமற்றது. தடுப்பு வளரும் வரையில் பக்கத்திலே நிதானமான ஒருவர் இருப்பதே அப்பிள்ளைக்குத் தேவை.

மனவெழுச்சி முதிர்ச்சி என்பது யாது?

மனவெழுச்சி முதிர்ச்சி என்றவுடன் கோபமே வராதவன், அழுகையே வராதவள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தனக்கு வந்திருப்பது கோபமா, அவமானமா, பயமா என்று இனங்காணுதல், அதனைப் பிறருக்குத் தீங்கின்றி வெளிப்படுத்துதல், மற்றவரின் மனநிலையை உணர்தல், தோல்வியையும் மறுப்பையும் தாங்கி மீண்டெழுதல், தன் பிழையை ஏற்று அதனைச் சீர்செய்ய முன்வருதல் ஆகியனவே இம்முதிர்ச்சியின் அடையாளங்களாகும். 1990 இல் சலோவே, மேயர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இவ்வாற்றல்களை மனவெழுச்சி நுண்ணறிவு என்ற பெயரில் ஆராய்ந்தனர். 1995 இல் டானியல் கோல்மன் எழுதிய நூலின் மூலம் இக்கருத்து உலகெங்கும் பரவியது.

இம்முதிர்ச்சி வயது ஏறுவதனால் மட்டும் தானாக வந்துவிடுவதில்லை. அறுபது வயதிலும் அற்ப விடயத்திற்குச் சன்னதமாடுவோரை நாம் காண்கின்றோம் அல்லவா? இது பழக்கத்தால் வருவது. அப்பழக்கம் கிடைக்கும் முதலிடம் வீடு, அடுத்த இடம் பாடசாலை. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம், வருடத்திற்கு இருநூறு நாட்கள் என்று கொண்டாலும், தரம் 6 முதல் தரம் 11 வரையான ஆறு வருடங்களில் ஒரு பிள்ளை ஏறக்குறைய 7000 மணித்தியாலங்களைப் பாடசாலையிலே கழிக்கின்றது. இத்தனை மணித்தியாலங்களில் அப்பிள்ளை கற்பது கணிதமும் விஞ்ஞானமும் மட்டுமல்ல.

பிழையை எதிர்கொள்ளும் விதம்

எனது பாடசாலைக் கால நிகழ்வொன்றை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். எழுபதுகளின் முற்பகுதியில், எட்டாம் வகுப்பில் நான் கற்றுக்கொண்டிருந்தபோது, வகுப்பறை மூலையில் மணலின் மேல் வைத்திருந்த தண்ணீர்ப் பானையை விளையாட்டாக உதைத்து உடைத்துவிட்டேன். அதற்கு முந்திய ஆண்டு கணக்குப் பாடம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர், பிழைவிட்ட மாணவரின் கொப்பியை வாசலுக்கு வீசி எறிந்து, அதனை எடுத்துவரும் வரைக்கும் மற்றவர்களைச் சிரிக்க விடுவார். எனவே இம்முறையும் அவ்வாறே நடக்கும் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். பொய் சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன்.

தலைமை ஆசிரியர் வந்தார். உடைந்த ஓடுகளைப் பார்த்தார். "தம்பி, பானை உடைஞ்சால் வேறை வாங்கலாம். இப்ப உன்ரை வகுப்புப் பிள்ளையள் எதிலை தண்ணி குடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அன்று பின்னேரம் என்னைத் தமது சைக்கிளில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிச் சென்று புதுப் பானை வாங்கினார். பாதிக் காசை அவர் கொடுத்தார், மீதிக் காசை நான் வாரந்தோறும் பத்துச் சதமாகக் கொடுத்துத் தீர்த்தேன். அந்தத் தவணை முழுவதும் காலையில் கிணற்றில் அள்ளிப் பானையை நிரப்புவது என் பொறுப்பாயிற்று. அடி விழவில்லை, அவமானப்படுத்தவுமில்லை. ஆனால் நான் செய்தது பிழை என்பதும், அதனைச் சீர்செய்ய என்னால் முடியும் என்பதும் ஒருசேர என் மனதில் பதிந்தன.

கொப்பி எறிந்த ஆசிரியரிடம் நான் கற்றது என்னவென்று பின்னாளில் சிந்தித்ததுண்டு. பிழையை மறைக்கக் கற்றேன். வேறொருவன் அவமானப்படும்போது, நான் தப்பினேன் என்று சிரிக்கக் கற்றேன். கணக்கு மட்டும் வரவில்லை.

பிள்ளைகள் நாம் சொல்வதைக் காட்டிலும் நாம் செய்வதையே பின்பற்றுவர் என்பதை அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1961 இல் ஒரு பரிசோதனை மூலம் காட்டினார். பெரியவர் ஒருவர் பெரிய பொம்மையொன்றை அடித்து உதைப்பதைக் கண்ட சிறு பிள்ளைகள், பின்னர் தாமும் அவ்வாறே அதனை அடித்து உதைத்தனர். அமைதியாக இருந்த பெரியவரைக் கண்ட பிள்ளைகளிடம் அது மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஆசிரியர் ஒருவர் தம் கோபத்தைக் கையாளும் விதம் நாற்பது பிள்ளைகளுக்கான பாடமாக அமைகின்றது என்பதனை இதிலிருந்து உணரலாம்.

தண்டனையும் கண்டிப்பும்

"அடியாத மாடு படியாது" என்று எம்மவர் சொல்வதுண்டு. இவ்விடத்தில் நாம் நாள்தோறும் வலம்வந்து வணங்கும் சண்டேசுவர நாயனாரின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். சேய்ஞலூரில் அவதரித்த அச்சிறுவர், இடையன் ஒருவன் பசுவைக் கோலால் அடிப்பதைக் கண்டு பொறாது, அவனை விலக்கித் தாமே ஆநிரை மேய்க்கும் பணியை ஏற்றார். அடியின்றி அன்போடு மேய்க்கப்பட்ட பசுக்கள் முன்னரிலும் அதிகமாகப் பால் சொரிந்தன எனப் பெரியபுராணம் கூறுகின்றது. மாட்டைப் பற்றிய பழமொழிக்கு மாடு மேய்த்த நாயனாரின் வரலாற்றிலேயே மறுமொழி உண்டு.

எமது நாட்டில் 2005 ஆம் ஆண்டிலே கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. 2021 இல் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அடித்ததனால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், "சேர், நல்லாய் அடியுங்கோ, நான் கேக்கமாட்டன்" என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வரும் பெற்றோர் இன்றும் உள்ளனர்.

அடிக்கக் கூடாது என்பதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது. ஒழுங்கில்லாத வகுப்பறையும் பிள்ளைக்கு அச்சத்தையே தரும். விதி என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருத்தல், அது எல்லோருக்கும் ஒரே விதமாக இருத்தல், மீறினால் திருத்திக்கொள்ள வழி இருத்தல் ஆகிய மூன்றும் உள்ள பாடசாலையில் பிள்ளையின் மனம் நிலைகொள்கின்றது. அதிகாரியின் மகனுக்கு ஒரு நீதி, கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஒரு நீதி என்று கண்டால், அப்பிள்ளை விதியை மதிக்கக் கற்பதில்லை, வெறுக்கவே கற்கின்றது.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு

1968 இல் ரொசென்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கலிபோர்னியாவில் உள்ள ஆரம்பப் பாடசாலையொன்றில் சில பிள்ளைகளை எழுந்தமானமாகத் தெரிவுசெய்து, இவர்கள் இவ்வருடம் சிறப்பாக முன்னேறுவர் என்று ஆசிரியர்களிடம் கூறினர். வருட முடிவில், குறிப்பாகக் கீழ் வகுப்புகளில், அப்பிள்ளைகள் மற்றவர்களை விடக் கூடுதலாக முன்னேறியிருந்தனர். இதன் அளவு பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டெனினும், ஆசிரியரின் நம்பிக்கை அவரது பார்வையிலும் குரலிலும் வெளிப்பட்டுப் பிள்ளையைச் சென்றடைகின்றது என்பதனை அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். "நீ ஏன் பள்ளிக்கூடம் வாறாய்?" என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை ஒருநாள் அதனை உண்மை என்றே நம்பிவிடும்.

சகபாடிகளும் கேலியும்

இவ்வயதில் பெற்றோரின் பாராட்டைவிடச் சகபாடிகளின் ஏற்பு பெரிதாகத் தோன்றும். நல்ல நட்பு பிள்ளைக்குப் பகிர்தலையும் விட்டுக்கொடுத்தலையும் கற்பிக்கின்றது. அதேவேளை தோற்றம், நிறம், வறுமை, சாதி, பேச்சுக் குறைபாடு ஆகியவற்றை வைத்துச் சூட்டப்படும் பட்டப்பெயர்கள் ஆறாத வடுவாகின்றன. "பெடியள் பகிடிக்குச் சொல்லுறது தானே" என்று பெரியவர்கள் விட்டுவிடுவது வழக்கம். முன்னர் பாடசாலை வாசலோடு முடிந்த கேலி, இன்று கைத்தொலைபேசி வழியாகப் படுக்கைவரை வருகின்றது.

நோர்வே நாட்டில் 1983 இல் பாடசாலைத் துன்புறுத்தலுக்கு எதிராக நாடளாவிய இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. அவ்வேளை டான் ஒல்வியஸ் என்ற பேராசிரியர் பேர்கன் நகரில் சுமார் 2500 மாணவரிடையே ஆய்வு நடத்தினார். இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அமைத்த விதிகள், துன்புறுத்துபவனுடனும் துன்பப்படுபவனுடனும் அவர்தம் பெற்றோருடனும் பேசுதல் போன்ற எளிய வழிகளால் இரண்டு ஆண்டுகளில் துன்புறுத்தல் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவைப்படவில்லை. பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்ளாதிருந்ததே வேண்டியிருந்தது.

விளையாட்டும் மன்றங்களும்

இல்ல மெய்வல்லுநர் போட்டி, மாணவர் மன்றம், சாரணியம், நாடகம், பண்ணிசை ஆகியவற்றைச் சில பெற்றோர் நேர விரயமாகக் கருதுகின்றனர். அஞ்சல் ஓட்டத்தில் கோலைத் தவறவிட்ட பிள்ளை, தன் இல்லத்தவர் முன் தலைகுனிந்து நின்று, மறுநாள் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழகுகின்றது. மேடையில் வசனம் மறந்த பிள்ளை, உலகம் அதனோடு முடிந்துவிடவில்லை என்று அறிகின்றது. சிறு தோல்விகளைச் சிறு வயதில் பாதுகாப்பான இடத்தில் சந்தித்தவர், பிற்காலத்தில் பெரிய தோல்விகளைத் தாங்குவர். காலை ஆறு மணிக்கும் பாடசாலை விட்ட பின்பும் தனியார் வகுப்புகளிலே அடைபட்ட பிள்ளைக்கு இச்சந்தர்ப்பம் எங்கே?

இடர்க்காலத்தில் பாடசாலை

பாடசாலைச் சூழல் மனதிற்கு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதனை எமது மக்கள் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். சில வாரங்களில் அங்குள்ள பாடசாலைகளில் பின்னேர வகுப்புகள் நடக்கலாயின. உடுத்த உடையோடு வந்த ஆசிரியர்கள் வரவு இடாப்புக்கு ஒற்றைக் கொப்பியில் கோடு கீறிப் பெயர் கூப்பிட்டதை நான் கண்டிருக்கின்றேன். தன் பெயரைக் கேட்டு, "வந்திருக்கிறேன் சேர்" என்று எழுந்து நின்ற பிள்ளையின் முகத்தில் அன்று தெரிந்த ஆறுதலை மறக்க முடியாது. போரின் உளத்தாக்கங்கள் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலானோர், பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தி வந்துள்ளனர். 2004 ஆழிப்பேரலையின் பின்னரும், 2020 இல் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், பாடசாலை இல்லாத பிள்ளையின் மனம் எவ்வாறு தடுமாறும் என்பதை மீண்டும் கண்டோம்.

பெறுபேறு குறைந்துவிடுமா?

இவற்றில் கவனம் செலுத்தினால் படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. 2011 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று இதற்கு விடை தருகின்றது. மனவெழுச்சித் திறன்களைப் பாடசாலையில் பயிற்றும் 213 திட்டங்களை, 270,000 இற்கும் மேற்பட்ட மாணவரை உள்ளடக்கி அது ஆராய்ந்தது. அத்தகைய பயிற்சி பெற்ற மாணவரின் நடத்தை சீரடைந்ததோடு, கல்வி அடைவும் மற்றையோரைவிட உயர்ந்திருந்தமை கண்டறியப்பட்டது. பயமும் அவமானமும் நிறைந்த மனதில் பாடம் பதிவதில்லை என்பதனால் இது வியப்பன்று.

எமது கடமை

ஆசிரியரை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்கொள்ளலாகாது. கிராமத்தின் போக்கே பாடசாலைக்குள்ளும் புகுகின்றது. இதனை நான் சொல்வதற்குக் காரணமுண்டு.

எமது ஆலயத்திலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ, 8 ஏ பெற்ற மாணவரை மகோற்சவ காலத்தில் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துக் கௌரவித்து வந்தோம். அதற்கான பட்டியலைத் தயாரித்தவன் நானே. சில ஆண்டுகளுக்கு முன், நாள்தோறும் பூமாலை கட்ட வந்த ஒரு பிள்ளை அத்திருவிழாவோடு வரவில்லை. தாயாரிடம் விசாரித்தபோது, "அண்ணை, அவள் கோயிலுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாள். மேடையிலை ஏறாத பிள்ளையளைக் கண்டால், உனக்கு எத்தினை ஏ எண்டு எல்லாரும் கேக்கினமாம்" என்றார். தகப்பன் இறந்த அதே வருடத்தில், தம்பிமார் இருவரையும் பார்த்துக்கொண்டு, பரீட்சைக்குத் தோற்றி ஆறு பாடங்களில் சித்தியடைந்த பிள்ளை அது. என்னுடைய பட்டியலில் அதற்கு இடம் இருக்கவில்லை.

கல்வி அலுவலகத்தில் நான் கடமையாற்றிய காலத்தில் எத்தனையோ விடுகைப் பத்திரங்களின் பிரதிகளைச் சரிபார்த்திருக்கின்றேன். நடத்தை என்ற இடத்தில் பெரும்பாலும் "திருப்திகரமானது" என்ற ஒரு சொல்லே இருக்கும். அச்சொல்லுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை என்ன சுமையைத் தாங்கியது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று அத்தாயின் முன் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

சபையில் இதனைச் சமர்ப்பித்தபோது, திறமைக்கு மதிப்பில்லாமற் போய்விடும் என்று சிலர் கூறினர். அதிலும் நியாயம் உண்டு. முடிவில், உயர் பெறுபேறு பெற்றோருக்குரிய பரிசு அவ்வாறே இருக்க, பரீட்சைக்குத் தோற்றிய அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து விபூதி பிரசாதமும் ஒரு நூலும் வழங்குவதெனத் தீர்மானித்தோம். பெறுபேறு வாசிக்கப்படுவதில்லை. அப்பிள்ளை மறு வருடமே மாலை கட்ட வந்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் வர இரண்டு வருடம் சென்றது.

பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள் உள்ளன. பாடசாலையால் வரும் பிள்ளையிடம் முதலில் புள்ளியைக் கேளாது, இன்று யாரோடு விளையாடினாய், யாரோடு இருந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். ஆசிரியரைப் பிள்ளையின் முன்னால் இழிவாகப் பேசாதீர்கள். குறையிருப்பின் நேரில் சென்று மரியாதையாகக் கதையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கட்டடம், மதில், ஒலிபெருக்கி பற்றிப் பேசும் நாம், பிள்ளைகள் இடைவேளையில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதையும் ஒருமுறை கேட்க வேண்டும். பிள்ளை வழக்கத்திற்கு மாறாக ஒதுங்கியிருந்தாலோ, உணவையும் உறக்கத்தையும் விட்டிருந்தாலோ, பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரை நாடத் தயங்க வேண்டாம். சிறுவர் துன்புறுத்தல் பற்றி அறிவிக்க 1929 என்ற இலக்கமும், உளநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கமும் உள்ளன. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆசிரியப் பெருமக்களிடமும் பணிவான ஒரு வேண்டுகோள். பாடத்திட்டமும் படிவங்களும் உங்களை நெருக்குவதை அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் நன்கறிவேன். ஆயினும், உங்கள் வகுப்பில் ஒரு பானை உடையும்போது நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை அப்பிள்ளை ஐம்பது வருடம் நினைவில் வைத்திருக்கும். என் தலைமை ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் நான் ஆலயக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது அவரது குரல் கேட்கின்றது.

எமது பிள்ளைகள் அறிவோடு மனப்பக்குவமும் நிறைந்தவர்களாக வளர, வீடும் பாடசாலையும் ஆலயமும் ஒன்றிணைந்து உழைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.